நீலமா, பச்சையா?

வண்ணங்களுள் பல, மனிதரிடையே வழக்கை வளர்ப்பதில்லை. குருதி சிவப்பு என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. பாலின் வெண்மையைப் பற்றியும் காக்கையின் கருமையைப் பற்றியும் ஊரில் எவரும் வாதாடியதில்லை. ஆனால் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே எல்லைக்கல் நடப்படாத ஒரு நிலம் கிடக்கிறது. அங்கே நிற்கும் நிறத்தை ஒருவர் நீலம் என்பார். மற்றவர் பச்சை என்பார். இருவரும் தாம் கண்ணாரக் கண்டதையே உரைப்பர். ஆயினும் ஒவ்வொருவருக்கும் மற்றவர் பிடிவாதக்காரராகவே தோன்றுவார். சிறு வழக்குத்தான், ஆனால் மனிதர் ஒருவரையொருவர் எவ்வாறு ஐயுறுகின்றனர், எவ்வாறு நம்புகின்றனர் என்பதை அறிவதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தீபாவளிக்கு முன்பு வீட்டுக்குச் சாயம் பூசுவது மலேசியத் தமிழரின் நெடுநாள் வழக்கம். தோட்டப்புறங்களில் இலயன் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்த காலத்தில் இத்தகைய வழக்குக்கு இடமிருக்கவில்லை. வெள்ளைச் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்தால் போதும். சுவர் பளிச்சென்று ஆகிவிடும். இன்றோ கடைக்குச் சென்றால் நூற்றுக்கணக்கான வண்ண அட்டைகளை எடுத்து விரிக்கிறார்கள். கேட்ட நிறத்தைக் கலந்து தருவதற்குப் பொறி நிற்கிறது. தெரிவு பெருகிய இடத்தில் தடுமாற்றமும் பெருகுவது இயல்பு.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முதியவருக்கும் அவர் மனைவிக்கும் நேர்ந்த வழக்கு இத்தகையதே. அவர் இரயில்வேயில் கார்டாகப் பணியாற்றியவர். 1960களில் வேலையில் சேர்ந்து, ஐம்பத்தைந்தாம் வயதில் ஓய்வு பெற்றவர். பணி முடிந்ததும் இரயில்வே குடியிருப்பை விட்டார். வட்டாரத்தை விட மனம் வரவில்லை. பழைய வரிசை வீடு ஒன்றில் குடியேறினார். சிவப்புச் சிமெண்டுத் தரையும் உயர்ந்த கூரையும் உடைய வீடு அது. அவர் பச்சைக் கொடி காட்டி வண்டிகளை அனுப்பிய நிலத்தின் ஒரு பகுதியில், பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் தண்டவாளங்கள் கிடந்த இடத்தில், 2001ஆம் ஆண்டு கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அதைச் சூழ எழுந்த மாடங்கள் அவ்வட்டாரத்தின் பல வீடுகளின் மேல் நிழலை வீசுகின்றன.

அவர்களுடைய மகள் கிள்ளானில் வாழ்கிறார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குச் செல்வதும், வழிபாடு முடிந்து மகள் வீட்டில் உணவருந்தித் திரும்புவதும் முதியோர் இருவரின் வழக்கம். கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றுக் கரையையும் இணைத்து 1886இல் போடப்பட்ட பழைய இரயில் பாதைதான் இன்றும் அவர்களைச் சுமந்து செல்கிறது. அவ்வாறு சென்ற ஒரு சனிக்கிழமை, மகள் வீட்டுக் கூடம் புதுச் சாயத்துடன் காட்சியளித்தது. மெல்லிய நிறம், நீலமும் பச்சையும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதைப் போன்ற நிறம். தாய்க்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இவ்வாண்டு தம் வீட்டுக்கும் அதையே பூச வேண்டும் என்று விரும்பினார்.

மகளுக்கோ சாயத்தின் எண் நினைவில் இல்லை. கடைக்குச் சென்று கேட்டபோது, கடைக்காரர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, இரண்டு அட்டைகளை எடுத்து மேசைமீது வைத்தார். “இந்த இரண்டில் ஒன்றுதான் அம்மா. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்,” என்றார். வழக்கு அங்கே பிறந்தது.

அட்டைகளைத் தனித்தனியே பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒட்டிப் பிடித்தால் ஒன்று சற்றே வானத்தை நோக்கிச் சாய்ந்திருப்பதும், மற்றொன்று சற்றே இலையை நோக்கிச் சாய்ந்திருப்பதும் புலப்படும். மனைவிக்கு அது தெளிவாகத் தெரிந்தது. “இது நீலம், அது பச்சை. நம் பிள்ளை வீட்டில் இருப்பது நீலம்,” என்றார். முதியவர் இரண்டையும் வாங்கி, சன்னலருகே பிடித்து, நெடுநேரம் பார்த்தார். “இரண்டும் பச்சைதான். இதில் நீலம் எங்கே இருக்கிறது?” என்றார். மனைவி சிரித்தார், முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அது சிரிப்பாக இல்லை.

இவ்வழக்கில் தமிழ்மொழி முதியவரின் பக்கமே நிற்கிறது எனலாம். தமிழில் ‘பச்சை’ என்பது பெரிய குடும்பம். தோட்டப்புறத்துப் பாட்டிமார் முன்கையில் குத்திக்கொண்ட கோலத்தின் நிறம் நீலமும் கருமையும் கலந்தது. அதைப் பச்சை என்றே உலகம் வழங்குகிறது. வெளிறிய தோலுக்கு அடியில் ஓடும் குருதிக் குழாயைச் சிலர் நீலம் என்பர். ‘பச்சை நரம்பு’ என்பதும் தமிழரின் வழக்கு. பொன்னுக்கும் பசுமை உண்டு, அது பசும்பொன். மரபு எண்ணும் ஐவண்ணத்தில் வெண்மை, கருமை, செம்மை, பொன்மை, பசுமை என்பனவே இடம் பெறுகின்றன. நீலத்துக்குத் தனி இருக்கை இல்லை. சங்கச் சான்றோர் மயிலையும் கடலையும் தொலைவிலுள்ள மலையையும் ‘மணி’ நிறம் என்னும் ஒரே சொல்லால் குறித்தனர். அந்த மணியில் நீலம் எவ்வளவு, பச்சை எவ்வளவு என்று அவர்கள் அளந்து பார்க்கவில்லை.

இறைவனின் திருமேனியிலும் இவ்வழக்கு உண்டு. திருக்கண்ணபுரத்தில் கோயில் கொண்ட பெருமாளுக்கு நீலமேகம் என்று பெயர். காஞ்சியில் எழுந்தருளியவருக்குப் பச்சை வண்ணர் என்று பெயர். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டுவோர் பலரும் கண்ணனுக்கு நீலமும் இராமனுக்குப் பச்சையும் பூசுவர். இரண்டும் ஒரே கடவுளின் நிறமே என்பதில் பக்தர்க்கு ஐயமில்லை. கோயிலில் அமைதியாக ஏற்றுக்கொள்ளும் உண்மையை வீட்டுக் கூடத்தில் ஏற்பது ஏனோ எளிதாக இருப்பதில்லை.

தமிழர் மட்டுமா இவ்வாறு? ஜப்பானியர் சாலையில் எரியும் பச்சை விளக்கை இன்றும் ‘ஆவோ’ என்பர். அச்சொல்லுக்கு நீலம் என்றே பொருள். சீனரின் பழைய சொல்லாகிய ‘சிங்’ என்பது நீலத்தையும் பச்சையையும் ஒருங்கே தழுவுவது. வியட்னாமியர் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, வேண்டும்போது ‘இலையின் நிறம்’ என்றும் ‘வானின் நிறம்’ என்றும் பிரித்துக் காட்டுகின்றனர். அமெரிக்க அறிஞர்களாகிய பிரெண்ட் பெர்லினும் பால் கேயும் 1969இல் வெளியிட்ட ஆய்வு நூலில், மொழிகள் பலவற்றில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பெயர் பெற்ற பின்னரே நீலத்துக்குத் தனிப்பெயர் வாய்க்கிறது என்று எழுதினர். பிற்காலத்தார் அதில் சில திருத்தங்கள் செய்தனர்; எனினும் நீலமும் பச்சையும் உலகில் நெடுங்காலம் ஒரே பெயரில் குடியிருந்தன என்பது மறுக்கப்படவில்லை.

பெயர் பிரிந்தால் கண்ணும் கூர்மையடைகிறது. ரஷ்ய மொழியில் கருநீலத்துக்கு ஒரு சொல், வெளிர்நீலத்துக்கு வேறு சொல். ஆங்கிலம் பேசுவோரையும் ரஷ்ய மொழி பேசுவோரையும் வைத்து நடத்திய சோதனை ஒன்று 2007இல் வெளியாயிற்று. அவ்விரு நீலங்களின் எல்லையில் வேறுபாடு காண்பதில் ரஷ்யர் சற்று விரைவாக இருந்தனர் என்று அது காட்டியது. அவர்களுக்கு மொழி ஓர் எல்லைக்கல்லை நட்டு வைத்திருந்தது.

தமிழில் அந்த எல்லைக்கல்லை நட்டவர்கள் புலவர்கள் அல்லர். சேலை விற்பவர்களும் சேலை உடுத்துபவர்களும்தாம். துன் சம்பந்தன் சாலையில் சேலை வாங்கும் பெண்டிரிடம் வெறுமனே ‘பச்சை’ என்றால் போதாது. கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, ராமர் பச்சையா என்று கேட்பார்கள். நீலத்தில் ஆனந்தா நீலம் உண்டு; மயில்கழுத்து உண்டு. இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலமும் உண்டு. ராமர் பச்சையும் ஆனந்தா நீலமும் அண்டை வீட்டார். இருவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மனைவி அட்டைகளை அவ்வாறே வகுத்தார். ஒன்றில் பாலைக் கலந்த ஆனந்தா நீலத்தைக் கண்டார். மற்றதில் பாலைக் கலந்த ராமர் பச்சையைக் கண்டார். ஐம்பது ஆண்டு சேலை உடுத்தி வந்த அறிவு அது. கணவரோ வெள்ளைச் சட்டையும் காக்கிக் காற்சட்டையுமாக வாழ்ந்தவர். ஆதலால் இது சொல்லில் வந்த வேற்றுமை என்று மகளும் மருமகனும் முதலில் எண்ணினர்.

நிறங்களின் பிறப்பை ஆராய்ந்தாலும் இரண்டும் உறவினரே என்பது விளங்கும். இன்று சாயங்களில் மிகுதியாகச் சேரும் நீலப்பொடி, செம்பு அணு ஒன்றை நடுவில் கொண்ட ‘தாலோசயனைன்’ என்னும் சேர்மம். இவ்வகைச் சேர்மம் ஒன்று 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் நகரத்துத் தொழிற்சாலையில் தற்செயலாகத் தென்பட்டது. கலம் ஒன்றின் உட்பூச்சு விரிசலுற்று, உள்ளிருந்த பொருள் இரும்பைத் தீண்டிய இடத்தில் எவரும் எதிர்பாராத நீலப்பச்சைக் கறை தோன்றியது. இரும்பின் இடத்தில் செம்பை அமர்த்திச் செய்த நீலம் 1935இல் சந்தைக்கு வந்தது. அந்த நீலத்தின் ஓரங்களில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களை நீக்கிக் குளோரின் அணுக்களை அமர்த்தினால் அதுவே பச்சையாக மாறிவிடுகிறது. நடுவிலிருக்கும் செம்பு அப்படியே இருக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் நீல ஆடையும் மற்றவர் பச்சை ஆடையும் உடுத்திய கதைதான் அது.

அடுத்தது ஒளி. கடையில் பார்த்த நிறம் வீட்டில் மாறிப்போனதாகக் குறைபட்டுக்கொள்ளாத குடும்பம் இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ணுவோரும் உண்டு. கடையின் குழல்விளக்கு வெண்ணீல ஒளியைத் தருவது. வீட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் நீலம் தளர்ந்து பச்சை தலைதூக்கும். ஒரு விளக்கின்கீழ் ஒன்றாகத் தோன்றும் இரண்டு சாயங்கள் வேறொரு விளக்கின்கீழ் இரண்டாகப் பிரிந்து நிற்பதும் உண்டு.

அண்டை நிறமும் கண்ணை மாற்றும். பாரிசின் கோபலன் நெசவாலையில் சாயத் துறைக்குத் தலைவராக இருந்த வேதியியலறிஞர் செவ்ருல் என்பவரிடம், ஆலையின் கறுப்பு நூல் சரியாக இல்லை என்ற முறையீடு வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தார், நூலில் குற்றமில்லை. அருகில் வைத்து நெய்த நிறங்கள் கறுப்பின் தோற்றத்தை மாற்றியிருந்தன. அந்த ஆராய்ச்சியை அவர் 1839இல் பெரிய நூலாக வெளியிட்டார். சிவப்புக்கு எதிர்நிறம் நீலப்பச்சை. ஆகவே சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு மேலே நிற்கும் நீலப்பச்சைச் சுவர், வெள்ளை ஓடு பதித்த தரைக்கு மேலே நிற்பதைவிட அழுத்தமாகத் தோன்றும். கிள்ளானில் மகள் வீட்டுத் தரை வெள்ளை ஓடு. கிழக்கு நோக்கிய கூடம். காலை வெயில் தடையின்றி நுழையும். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலோ தரை சிவப்பு. வெயிலை எதிர்வரிசை மாடங்கள் மறைக்கும். ஒரே சாயத்தைப் பூசினாலும் இரண்டு வீடுகளிலும் ஒரே நிறத்தைக் காண இயலாது.

அனுபவமுள்ள சாயக்காரர்கள் இதனால்தான் அட்டையை நம்புவதில்லை. ஒவ்வொரு சாயத்திலும் சிறு தோம்பு ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி பலகையில் இரண்டு முறை பூசி, நன்கு உலரவிட்டு, சுவருக்குச் சுவர் நகர்த்திப் பார்க்கச் சொல்வார்கள். காலையில் ஒருமுறை, உச்சிப்போதில் ஒருமுறை, மழை இருட்டில் ஒருமுறை, விளக்கேற்றிய பின் ஒருமுறை. மருமகன் அவ்வாறே இரண்டு பலகைகளைச் செய்து கொணர்ந்தார்.

அந்திப் பொழுதில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பகலெல்லாம் அடங்கியிருந்த பலகைகள் இரண்டும், விளக்கேற்றுவதற்கு முந்திய சில நிமிடங்களில் ஒளிவிட்டு எழுந்தன. சிவப்புத் தரையோ கருத்து அடங்கியது. செக் நாட்டு அறிஞர் புர்க்கினியே 1819இல் கண்டுரைத்த உண்மை இது. பகலொளியில் மனிதனின் கண் மஞ்சள் கலந்த பச்சையை, அதாவது 555 நேனோமீட்டர் அலைநீளத்தை, மிகுதியாக உணர்கிறது. இருள் சூழும்போது அவ்வுணர்வு 507 நேனோமீட்டருக்கு நகர்கிறது. 507 என்பது நீலமும் பச்சையும் சந்திக்கும் இடம். நிலநடுக்கோட்டை அடுத்த நாட்டில் அந்தி நீண்டு நிற்பதில்லை. ஆயினும் அந்தக் குறுகிய பொழுதில் இவ்வண்ணமே அரசாள்கிறது. மனைவி மகிழ்ந்து, “இப்போது பாருங்கள், எது நீலம் என்று தெரிகிறதா?” என்று கேட்டார். முதியவர் எழுந்து சென்று இரண்டு பலகைகளையும் தொட்டுப் பார்த்தார். அவருக்கு இரண்டும் பச்சையாகவே தெரிந்தன.

அன்றிரவு அவர் சரியாக உணவருந்தவில்லை. மற்றவர்க்கு இது சாயத்தைப் பற்றிய பேச்சு. அவர்க்கோ கண்ணைப் பற்றிய பேச்சு. கண்ணே அவருடைய தொழிலாக இருந்தது. இரயில்வேயில் நிறம் அறிதல் உயிர்காக்கும் அறிவு. சுவீடன் நாட்டின் லாகர்லுண்டா என்னுமிடத்தில் 1875ஆம் ஆண்டு இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி ஒன்பது பேர் மாண்டனர். இரயில்வே ஊழியரின் நிறக்குருடு காரணமாக இருக்கலாம் என்று ஐயுற்ற ஹோல்ம்கிரேன் என்னும் அறிஞர், பல நிற நூற்கண்டுகளைக் கொடுத்துப் பிரித்து அடுக்கச் சொல்லும் சோதனையைப் புகுத்தினார். பின்பு ஜப்பானியராகிய இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளி அட்டைகள் உலகெங்கும் பரவின. புள்ளிகளுக்கு இடையே மறைந்திருக்கும் எண்ணைப் படித்துக் காட்டியவரே வண்டியின் பொறுப்பை ஏற்க இயலும். முதியவர் அச்சோதனைகளில் ஒருமுறையும் தவறியதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பச்சையைப் பச்சை என்றும் சிவப்பைச் சிவப்பு என்றும் சொன்னவர் அவர். அச்சொல்லை நம்பிப் பயணிகள் வண்டியில் உறங்கினர்.

அவர் அறியாத, அறிந்திருந்தால் புன்னகை புரிந்திருக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. பழைய கைகாட்டிக் கம்பங்களில் பச்சை ஒளி காட்டிய கண்ணாடி உண்மையில் நீலம் மிகுந்தது. உள்ளே எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சுடர் மஞ்சள். மஞ்சள் சுடரின் ஒளி நீலப்பச்சைக் கண்ணாடி வழியே வந்தபோதுதான் தூய பச்சையாகத் தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தவருக்கு, ‘இது நீலமாயிற்றே’ என்று தோன்றும். நீலத்தை மஞ்சளின் வழியே கண்டால் பச்சை. இந்தச் சிறு உண்மையே அவருடைய வழக்கையும் முடித்து வைத்தது.

அதைக் கண்டுகொண்டவர் மகள். தந்தை ஒருநாள் கருநீலக் காலுறை ஒன்றையும் கறுப்புக் காலுறை ஒன்றையும் அணிந்து வந்ததைக் கண்டார். இரவில் எதிர்வரும் கார் விளக்குகள் கண்ணைக் குத்துகின்றன என்று அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. “அப்பா, சாயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கண்ணைக் காட்டிவிட்டு வருவோம்,” என்றார். முதியவர் சினந்தார்; மறுத்தார்; இஷிஹாரா அட்டைகளைப் பற்றிப் பேசினார். அந்த அட்டைகள் பெரும்பாலும் சிவப்பு, பச்சை பற்றிய பிறவிக் குறையைக் காண்பதற்கு உரியவை; முதுமையில் மெல்ல வரும் மாற்றத்தை அவை அறிவிப்பதில்லை. மனைவி ஒன்றும் பேசாமல் அவருடைய சட்டையை எடுத்து வந்து நீட்டினார். அதன்பின் அவர் மறுக்கவில்லை.

இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்தது. விழியின் உள்ளே கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் வில்லை, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மஞ்சள் ஏறிப் பழுக்கிறது. மஞ்சள் வில்லை ஊதாவையும் நீலத்தையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. அம்மாற்றம் ஒரே இரவில் வந்தால் மனிதன் அலறிவிடுவான். இருபது, முப்பது ஆண்டுகளில் வருவதால், உலகமே அப்படித்தான் இருக்கிறது என்று நம்பிவிடுகிறான். முதியவரின் கண்ணுக்குள்ளேயே மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நீலச் சாயம் அதன் வழியே பச்சையாகச் சென்று சேர்ந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை, கண்டதைத்தான் சொன்னார்.

பெயர்பெற்ற ஓவியர் ஒருவருக்கும் இந்நிலை நேர்ந்தது. பிரெஞ்சு ஓவியர் மோனேக்கு 1912இல் கண்புரை கண்டறியப்பட்டது. நிறத்தையே வாழ்வாகக் கொண்ட அவர், சாயக் குழாய்களின் பெயரைப் படித்தும், தட்டில் நிறங்களை வைக்கும் வரிசையை நினைவில் கொண்டும் தீட்ட வேண்டியதாயிற்று. அந்நாளைய அவருடைய தோட்டக் காட்சிகளில் செம்மையும் பழுப்பும் தீப்போல் படர்ந்தன. 1923இல் வலக்கண்ணில் மட்டும் அறுவை நடந்தது. அதன்பின் நீலம் மிகுந்து தெரிவதாகக் கூறி, நிறமேற்றிய கண்ணாடியை அணிந்தார். புரையை நீக்கிய கண்ணுக்குள் செயற்கை வில்லை பொருத்தும் முறை அன்று இல்லை. ஹரோல்ட் ரிட்லி இலண்டனில் 1949இல்தான் அதை முதன்முதலாகச் செய்தார்.

பிரிக்பீல்ட்ஸ் முதியவருக்கு அரசாங்க மருத்துவமனையில் முறை வரத் திங்கள்கள் சில ஆயின. அவ்வாண்டுத் தீபாவளி பழைய சுவரோடு கழிந்தது. அண்டை வீட்டார், “இந்த ஆண்டு சாயம் அடிக்கவில்லையா?” என்று கேட்டனர். மனைவி, “அவர் கண் தெளியட்டும், பிறகு அடிக்கலாம்,” என்று மட்டும் சொன்னார். அவர் மட்டும் பார்த்து மகிழ்வதற்கு ஒரு சுவர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

முதலில் வலக்கண்ணில் அறுவை நடந்தது. கட்டு அவிழ்த்த மறுநாள் முதியவர், அலமாரிக்குப் பின்னே சாத்தி வைத்திருந்த பலகைகளைத் தாமே எடுத்து வந்து சன்னலருகே நிறுத்தினார். இடக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு வலக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மாறி மாறிப் பலமுறை பார்த்தார். புதுக்கண்ணுக்கு ஒரு பலகை நீலம், ஒரு பலகை பச்சை. பழைய கண்ணுக்கு இரண்டும் பச்சை. சுவரும் அதுவே, வெயிலும் அதுவே, பார்ப்பவரும் அவரே. மனைவிக்கும் தமக்கும் இடையே நடந்த வழக்கு முழுவதையும் தம் ஒரு முகத்துக்குள்ளேயே அவர் கண்டுவிட்டார்.

சமையலறையில் இருந்த மனைவியை அழைத்தார். “நீ சொன்னதுதான். இது நீலம்,” என்றார். சிறிது நேரம் கழித்து, “ஆனால் நான் சொன்னதும் பொய்யில்லை. இந்தக் கண்ணால் பார்த்தால் இன்னும் பச்சைதான்,” என்றார். மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்து நின்றார். “நீங்கள் பொய் சொன்னதாக நான் எப்போது சொன்னேன்?” என்றார். அவர் அவ்வாறு சொன்னதில்லை என்பது உண்மை. மனத்துள் ஒருவேளை நினைத்திருக்கலாம். அதுவும் அன்றோடு கரைந்தது.

இடக்கண்ணிலும் அறுவை முடிந்த பின்னர், சித்திரைப் புத்தாண்டுக்குச் சாயம் பூசுவதென்று முடிவாயிற்று. அப்போது வழக்கு தலைகீழாக மாறியது. முன்பு தத்தம் நிறத்துக்காக வாதாடியவர்கள், இப்போது ஒருவர் நிறத்துக்காக மற்றவர் வாதாடினர். “நீ விரும்பிய நீலமே இருக்கட்டும்,” என்றார் கணவர். “பச்சைதானே உங்களுக்குப் பழக்கம், அதுவே இருக்கட்டும்,” என்றார் மனைவி. மகள் வீட்டில் இருப்பது எது என்ற பழைய கேள்வியை இருவரும் மறந்தே போயினர். மருமகன்தான் தீர்ப்பளித்தார்: நீலச் சாய்வுடைய சாயத்தைப் பூசுவது, கூடத்தின் நடுவிலிருக்கும் மஞ்சள் விளக்கை மாற்றாமல் விடுவது. பகலில் அச்சுவர் நீலமாக இருக்கும். விளக்கேற்றினால் பச்சையை நோக்கிச் சாயும். ஐந்து லிட்டர் தோம்புகள் இரண்டு வாங்கிச் சுவருக்கு இரண்டு பூச்சுப் பூசினர். கூடத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒத்த இரண்டு நிறங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்போர்க்குச் சொல்லத்தக்க அறிவுரைகள் பல உண்டு. அட்டையை நம்பாமல் பலகையில் பூசிப் பார்க்க வேண்டும். தரையையும் விளக்கையும் திசையையும் கருத வேண்டும். ஈரத்தில் கண்ட நிறத்தை இறுதி என்று கொள்ளாமல் உலரும்வரை பொறுக்க வேண்டும். இவை யாவும் நல்லனவே. இவற்றோடு மற்றொன்றையும் சேர்க்கலாம். அந்தச் சுவரை யாரோடு சேர்ந்து பார்க்கப் போகிறோமோ, அவர் அதை என்ன நிறமாகக் காண்கிறார் என்று கேட்டுப் பார்ப்பது நலம். விடை வேறாக இருந்தால் சினம் கொள்ளாமல், காரணத்தைத் தேட வேண்டும். காரணம் சொல்லில் இருக்கலாம், விளக்கில் இருக்கலாம், தரையில் இருக்கலாம், எவரும் அறியாமல் பழுத்துவிட்ட ஒரு கண்ணில் இருக்கலாம். முதியோர் உள்ள வீடுகளில் இக்கேள்வியைக் காலத்தோடு கேட்பது கண்ணொளியைக் காக்கவும் உதவும்.

கண்டதையே சொல்லும் இருவர் வேறு வேறாகச் சொல்லும்போது, உலகம் பெரும்பாலும் அவருள் ஒருவரைப் பொய்யர் ஆக்கிவிடுகிறது. அவசரப்படாமல் ஒரு தீபாவளியைப் பழைய சுவரோடு கழிக்கும் பொறுமை இருந்தால், இருவருமே மெய்யர் என்று தெரியவரும் வழக்குகள் இவ்வுலகில் மிகப் பல.